சரிவில் நிறுத்திய வண்டி

டெல்பினுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஓசூரில் ஒரு மோட்டார் கம்பெனி லைனில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்கிறவள், வீட்டுக்கு வந்து சோற்றையும் நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். "காலுல சக்கரமா கட்டியிருக்குது உனக்கு?" என்று கேட்டுக் கேட்டு அம்மா ஜெபசீலிக்கு அலுத்துப்போயிற்று.

அந்தக் கால்களுக்கு ஒரு வேலை கொடுத்தவர் ஹரீஷ்குமார். அதே கம்பெனியில் டிசைன் பிரிவு இன்ஜினியர். லீவு நாளில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பாறை ஏறப் போகிற மனுஷர். ஒரு நாள் டெல்பினிடம் போனில் ஒரு படம் காட்டினார். இமயமலையில் ஸ்பிதி பக்கம் ஓர் அருவி, விழுந்தபடியே முழுசாக உறைந்து நிற்கிறது. நடுவில் ஒருத்தன் இரண்டு கோடாரியைக் குத்திக்கொண்டு தொங்குகிறான். அவ்வளவுதான், பெண்ணுக்குப் பைத்தியம் பிடித்தது. மாதத்தில் மூன்று ஞாயிறு கம்பெனியில் வேலை பார்த்து அதற்கு மாற்று விடுமுறை சேர்த்தாள். மிச்சமிருக்கும் ஒரு ஞாயிறு அஞ்செட்டிக்கு அப்பால் காட்டோரப் பாறையில் கோடாரியை மாட்டி மாட்டி ஏறிப் பழகினாள். பதினோரு மாதம் இப்படியே போனது. சேர்ந்ததில் ஒரே மூச்சாகப் பத்து நாள்தான் கம்பெனி கொடுத்தது. பத்தே நாள்.

ஸ்பிதியில் ஜனவரி மாதம் வண்டி ஓட்டுவதற்கு ஆள் வேண்டும். டெல்பினின் அண்ணன் லியோ கம்பெனி ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறவன். ஜவளகிரி, அஞ்செட்டிப் பாதையெல்லாம் அவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அத்துப்படி. ஆனாலும் ஹரீஷ்குமார் சோதித்துப் பார்க்காமல் யாரையும் நம்ப மாட்டார். டிசம்பரில் ஒரு நாள் ஜீப்பைக் கொடுத்து, அந்தப் பயிற்சிப் பாறை வரைக்கும் ஓட்டச் சொன்னார். அதைப் பாதை என்று சொன்னால் பாதை கோபித்துக்கொள்ளும். லியோ ஒரு கல்லில்கூட அடி தட்டாமல் கொண்டுபோய்ப் பாறைக்குக் கீழே சரிவில் நிறுத்தினான். வண்டி முழுசாக நிற்கவில்லை, டெல்பின் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்தாள்.

"ஹேண்ட்பிரேக் போட்டியாண்ணா?"

"போட்டேன்."

"இன்னொருக்கா இழு."

ஹரீஷ்குமார் சிரித்தார். லியோ சிரிக்கவில்லை. "எங்கப்பா தக்காளி வேன் இந்த மாதிரி சரிவுலதான் சார் உருண்டுச்சு. டீ குடிக்க இறங்கினாரு, ஹேண்ட்பிரேக்க மறந்துட்டாரு. தடுக்கப் போயி கால் போச்சு" என்றான். அப்பா அருள்ஜோசப்பின் கால் போன அன்று முதல் அந்த வீட்டில் அது சட்டம். ஜெபம் பண்ணாமல்கூட ஒரு நாள் தூங்கிவிடுவார்கள், ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள்.

ஹரீஷ்குமாரிடமும் ஒரு சட்டம் இருந்தது. கயிறு கட்டிக்கொண்டு ஏறப் போகிறவரிடம், கீழே கயிறு பிடிப்பவர் "சரியா?" என்று கேட்பார். மனசில் எதையாவது மறைத்து வைத்துக்கொண்டு "சரி" என்று சொல்லக் கூடாது. "தப்பு யாரும் பண்ணலாம். மறைச்சவங்க அன்னிக்கு ஏறக் கூடாது, அவ்ளோதான்" என்பார். திரும்பும்போது லியோவின் தோளில் தட்டி, "மலைக்கு ஓட்ட பெங்களூர்ல ஒரு டூர் கம்பெனி ஆள் தேடுது. நல்லபடியா போயிட்டு வந்தா உனக்காக நானே பேசறேன்" என்றார். ஸ்டாஃப் வேனிலேயே கிழவனாகிவிடுவோமோ என்று பயந்துகிடந்த லியோவின் முகம் மலர்ந்ததை டெல்பின் பார்த்தாள்.

ஜனவரியில் மூவரும் புறப்பட்டார்கள். சிம்லாவில் ஒரு பழைய பொலேரோவை வாடகைக்கு எடுத்து, இரண்டு நாள் ஓட்டம் என்று கணக்குப் போட்டார்கள். நாலு நாள் ஆயிற்று. ஓரிடத்தில் மலை சரிந்து ஒரு பகல் போனது, இன்னோரிடத்தில் பனி தள்ளும் வண்டிக்காக ஒன்றரை நாள் காத்துக் கிடந்தார்கள். டெல்பின் பின்சீட்டில் முழங்காலை ஆட்டிக்கொண்டே விரல்விட்டு நாள் எண்ணினாள். போனதை எண்ணி, திரும்பும் வழியையும் எண்ணினால், அருவிக்கு மிஞ்சியது ஒரு நாள். அதுவும் மறுநாள் சாயங்காலம் பெரிய பனி விழும் என்று ரேடியோ சொன்னதாக, அவர்கள் தங்கிய வீட்டுக்காரர் சொன்னார். லியோவுக்கு இந்தி நன்றாக வரும். ஸ்டாஃப் வேனில் ஏறுகிற பிகார்ப் பையன்கள் கற்றுக்கொடுத்த இந்தி.

வந்து சேர்ந்த அன்று மதியமே அருவியைப் பார்க்கப் போனார்கள். வழியில் ஓர் ஓடை, சக்கரம் பாதி மூழ்கியது. அருவி படத்தில் பார்த்ததைவிட நீலமாக இருந்தது. ஹரீஷ்குமார் சுற்றுவழியில் உச்சிக்குப் போய், அங்கே ஒரு வளையத்தில் கயிற்றைக் கோத்து இரண்டு முனையையும் கீழே தொங்கவிட்டு வந்தார். ஏற வெளிச்சம் இல்லை. "காலைல முதல்ல நீ ஏறு, அப்புறம் நான். பன்னெண்டுக்கு வெயில் விழும், ஐஸ் இளகிரும். அதுக்குள்ள முடிக்கணும்" என்றார்.

திரும்பவும் அதே ஓடையில் இறங்கி ஏறி, பொழுது சாயும்போது வீட்டு வாசல் சரிவில் வண்டியை நிறுத்தினார்கள். வீட்டுக்காரர் ஓடிவந்து கையை ஆட்டினார். ஹேண்ட்பிரேக் போடாதே, கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடு, நனைந்த பிரேக் இந்தக் குளிரில் உறைந்து ஒட்டிக்கொள்ளும் என்றார். லியோ ஒரு நிமிஷம் லீவரைப் பார்த்தான். பிறகு அவர் சொன்னபடியே செய்தான்.

டெல்பினுக்கு அடுப்படியில் உட்கார முடியவில்லை. ஜன்னல் வழியாக வண்டி தெரிந்தது. அதற்குக் கீழே பள்ளம், பள்ளத்தின் அடியில் ஆறு. இரண்டு கல்லை நம்பி எப்படி விடுவது? சூப்பு ஒரு வாய் குடிப்பாள், எழுந்துபோய்ப் பார்ப்பாள். அப்பாவின் கால் கண்முன் வந்தது. கடைசியில் கையுறையை வண்டியில் விட்டுவிட்டேன் என்று சொல்லி வெளியே போனாள். முன்கதவைத் திறந்து, லீவரை மூன்று சொடுக்கு இழுத்தாள். நெஞ்சுக்குள் ஏதோ அடங்கியது. திரும்பி வந்து கால் நீட்டி உட்கார்ந்து, இன்னொரு கிண்ணம் சூப்பு வாங்கிக் குடித்தாள். ஊரிலிருந்து கிளம்பியபின் அன்றுதான் நிம்மதியாக உட்கார்ந்தாள், பாவி.

காலை ஏழு மணிக்கு லியோ வண்டியில் ஏறினான். லீவர் மேலே நின்றது. அவன் கை அதன்மேல் போய், அங்கேயே இருந்தது. கண்ணாடியில் தங்கையைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். லீவரை இறக்கி, கியர் போட்டு நகர்த்திப் பார்த்தான். பின்சக்கரங்கள் சுற்றாமல் பனியில் இழுபட்டன.

"ஹேண்ட்பிரேக் போட்டியா?" என்றார் ஹரீஷ்குமார்.

டெல்பின் வாயைத் திறந்தாள். அதற்குள் லியோ சொல்லிவிட்டான்: "ஆமா சார். பழக்க தோஷம்."

ஹரீஷ்குமாருக்குக் கோபம் வந்தால் கன்னடம் வரும். ஏனப்பா என்பதை "யாக்கப்பா?" என்று ஆரம்பித்தவர் தமிழுக்குத் திரும்ப நேரமாயிற்று. "அவ்ளோ தூரம் சொன்னாரே அந்த மனுஷன்! ரெண்டு காதாலயும் கேட்டுட்டுத்தான இருந்த? உன்ன நம்பி நான் எப்படி அந்தக் கம்பெனில பேசறது, சொல்லு."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். வெந்நீர் ஊற்றினால் அதுவும் உறைந்துவிடும் என்று சொல்லி, வீட்டுக்காரர் தகரத் தட்டில் கங்கு கொண்டுவந்தார். லியோ பனியில் மல்லாந்து படுத்து, இரண்டு பின்சக்கரத்துக்கும் மாறி மாறிக் கங்கு காட்டி, சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தான். டெல்பின் பக்கத்தில் குந்திக் கங்கை ஊதினாள்.

"ஏண்ணா பொய் சொன்ன?" என்றாள் மெதுவாக.

"வாய மூடிட்டு ஊது. நீ போட்டேன்னு சொன்னா அந்தாளு உன்ன ஏற விடமாட்டாரு. பதினோரு மாசம் ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குக்கூட வராம எதுக்குச் செத்த? போய் ஏறு."

"உன் வேல?"

"வேன் இருக்குதில்ல." அவன் உதடு குளிரில் வெடித்திருந்தது. அதற்குமேல் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டினான்.

சக்கரம் விடுபட்டபோது மணி பத்து. ஓடையைத் தாண்டி அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். "ஒருத்தர்தான் ஏற முடியும். நீ போ" என்றார் ஹரீஷ்குமார். டெல்பின் காலணிக்கடியில் இரும்பு முள்ளைக் கட்டினாள். இரண்டு கோடாரியையும் எடுத்தாள். இடுப்பில் கயிற்றை முடிந்தாள். நீல ஐஸ் மூக்கைத் தொடும் தூரத்தில் நின்றது. ஏறிவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், இறங்கி வந்த உடனே சொல்லிவிடலாம் என்று மனசு நூறு நியாயம் பேசியது. பின்னால் லியோ பானெட்டில் சாய்ந்து, கங்கு சுட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சரியா?" என்றார் ஹரீஷ்குமார்.

அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"டெல்பின், சரியா?"

"சரியில்ல சார்." கோடாரிகளைக் கீழே வைத்தாள். "ஹேண்ட்பிரேக்க இழுத்தது நான். எங்கண்ணன் இல்ல. என்னால உக்கார முடியல, போய் இழுத்துட்டேன். காலைல சொல்லாம இருந்ததும் நாந்தான்."

லியோ "ஐயோ, கழுத" என்று தலையில் அடித்துக்கொண்டான். ஹரீஷ்குமார் ஐஸை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள், திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் கிட்டே வந்து, அவள் இடுப்பிலிருந்த முடிச்சைத் தானே அவிழ்த்தார். அவளுக்கு அழுகை பொங்கியது. சட்டம் போட்ட அவர்மேலும் கோபம், சொல்லித் தொலைத்த தன் வாயின்மேலும் கோபம். கண்ணீர் கன்னத்திலேயே விறைத்தது.

"லியோ, அந்தக் கம்பெனில நான் பேசறேன்" என்றார். பிறகு அந்தக் கயிற்று முனையைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டு, மறுமுனையை டெல்பினிடம் நீட்டினார்.

"நானா சார்?"

"வேற யாரு இருக்காங்க? பிடி."

அவள் வாங்கினாள். இடுப்பில் மாட்டி, இழுத்துச் சரிபார்த்து, கையில் இறுக்கினாள். இப்போது கேட்க வேண்டியவள் அவள்.

"சரியா சார்?"

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் ஏறத் தொடங்கினார்.

கோடாரி குத்தக் குத்த ஐஸ் துண்டுகள் அவள் தலைக்கவசத்தின்மேல் விழுந்தன. மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் ஆடவில்லை, கழுத்து வலித்தும் தலையைத் திருப்பவில்லை. பதினோரு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவளை விட்டுவிட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவள் கீழே நின்று, ஒரு கைப்பிடிகூடத் தளரவிடாமல், கயிற்றை வாங்கிக்கொண்டே இருந்தாள்.