மூன்று வாசல் வெளிச்சம்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் நாக்கு அழுகட்டும். சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எண்பத்து நாலு, கார்த்திகைத் தீபத்தன்று சாயங்காலம் நாலு மணி. ரெட்டிபாளையம் குவாரி லைன் வீட்டில் பஞ்சவர்ணம் மாமனாருக்கு ஊட்டிய கஞ்சி உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்தது. அங்கமுத்து போய்விட்டார். கத்த வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

காலையில்தான் சொல்லியிருந்தார். "தாயி, இன்னைக்கி போயிட்டேன்னா சத்தம் போட்டுறாத. பொணம் கெடந்தா மூணு வூட்டுலயும் வெளிச்சம் போட மாட்டாங்க. எல்லாம் எரிஞ்சு முடியட்டும், அப்பறம் அழுவு."

இடப்பக்கம் பாத்திமா பீவி வீடு. முந்தின நாள் மீலாது நபிக்குக் கட்டிய சீரியல் பல்பு இன்னும் இறக்கவில்லை. வலப்பக்கம் லீலாவதி டீச்சர் வீட்டுக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். நடுவில் இவள் கழுவிக் கவிழ்த்த அகல்கள்.

வாயைத் துடைத்துப் போர்வையை இழுத்துவிட்டாள். புருஷன் கொளஞ்சி ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்கு வருவான். அவன் அக்காமார்கள் என்ன சொல்வார்கள்? பட்டினி போட்டுக் கொன்றுவிட்டு மறைத்தாள் என்பார்கள்.

பாத்திமா பீவி நெய்ச்சோற்றுக் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

"பெரியவரு நேத்தே கேட்டாரு. எழுப்புடி."

"வேணாங்க்கா, இப்பத்தான் அசந்தாரு."

"சோறுன்னா எந்திரிச்சிடுவாரு, நீ எழுப்பு."

அப்போது அங்கமுத்து நீளமாக ஒரு குறட்டை விட்டார். செத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மருமகளுக்கு அந்த அளவுக்காவது ஒத்தாசை செய்யக்கூடிய மனிதர்தான். பஞ்சவர்ணம் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். பீவி கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள்.

இருட்டியது. நட்சத்திரம் எரிந்தது. சீரியல் பல்பின் சிவப்பும் பச்சையும் ஜன்னல் வழியாக அவர் முகத்தில் மாறி மாறி விழ, மூச்சு விடுவதுபோலவே இருந்தது. இவள் வாசல் மட்டும் கறுப்பு. சாவு விழுந்த வீட்டுக்காரி விளக்கேற்றினால் சாமி குத்தம். ஏற்றாவிட்டால் ஊர் கேட்கும்.

பீவிதான் கேட்டாள். "ஏண்டி, ஒன் வாசல்ல ஏன் வெளக்கு இல்ல?"

பஞ்சவர்ணம் கதவோரம் ஒதுங்கினாள். பீவி அவளைத் தாண்டி உள்ளே போனாள். கிண்ணத்தில் சோறு அப்படியே இருந்தது. கட்டிலருகே நின்று, உதட்டுக்குள் ஏதோ ஓதி, அவர் இமைகளை மூடினாள்.

"எப்ப?"

"நாலு மணிக்கு. அவருதான்க்கா சொல்லாதன்னாரு. எனக்குப் பயமா இருக்கு."

"இருக்கும். தீட்டு ஒனக்குத்தானே, எனக்கென்ன? தீப்பெட்டிய குடு."

இருபத்தேழு அகலையும் பீவியே ஏற்றினாள். "தெருவுல பொறி பறக்க மாவளி சுத்துற பசங்க வூட்டுக்குப் போகட்டும். அப்பறம் சேந்து அழுவோம்" என்று தலைமாட்டில் உட்கார்ந்து, பஞ்சவர்ணத்தின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

என் நாக்கு அழுகினால் அழுகட்டும், நிஜத்தில் அன்று மத்தியானம் பிடித்த மழை மறுநாள்தான் விட்டது; கரண்டும் இல்லை, லைனில் ஒரு அகல்கூட எரியவில்லை.