மூன்றாம் படியில் நின்ற வளையம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது நான் ஒரு மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி என்னுடையது அல்ல. அதில் உட்கார்ந்திருந்தவரும் எனக்கு வேண்டியவர் அல்ல. பழுது பார்க்கக் கொடுத்த என் ஸ்கூட்டரை எடுத்துவர ஒரியானோவின் பட்டறைக்குப் போயிருந்தேன். ஆள் போதவில்லை என்று பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

ஸ்பிரிங்கின் அமிழ்வை அளக்க மூன்று பேர் வேண்டும். ஒருவர் வண்டியில் உட்கார வேண்டும், கால் தரையில் படக்கூடாது. ஒருவர் வண்டி சாயாமல் பிடிக்க வேண்டும். ஒருவர் டேப் வைத்துப் பார்க்க வேண்டும். ஆள் உட்கார்ந்ததும் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாம். குறைவாக இறங்கினால் மேடுபள்ளத்தில் துள்ளும். அதிகமாக இறங்கினால் வளைவில் தொய்யும்.

தனியாக வாழ்கிறவர்களால் இதைச் செய்ய முடியாது.

[இந்த வாக்கியம் அழகாக இருக்கிறது. ஆகவே சந்தேகத்துக்குரியது. இப்போதைக்கு இருக்கட்டும்.]

2

முதல் தொடக்கம்: “இத்தாலியில் பயென்சாவுக்கு மேலே, மலைப்பாதையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு”

வேண்டாம். நடந்தது ஜூலை மாதம், நல்ல வெயில்.

இரண்டாவது: “நீவெஸ் தன் முன்னாள் கணவனை வெறுத்தாள். ஆனால்”

இதையும் விட்டுவிட்டேன். ‘ஆனால்’ விழுந்தவுடன் வாசகர் முடிவைக் கண்டுபிடித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்.

மூன்றாவது, அலங்காரம் இல்லாமல்: நீவெஸுக்கு அறுபத்திரண்டு வயது. பாலத்தருகே பியதீனா ரொட்டி சுட்டு விற்கிறாள். அவளுடைய முன்னாள் கணவன் லெயார்கோ முடிதிருத்தும் கடை வைத்திருந்தான், இப்போது ஓய்வு. விவாகரத்தின்போது வீட்டை விற்றார்கள், பாத்திரங்களைப் பிரித்தார்கள். பிரிக்க முடியாமல் நின்றது ஒரு மோட்டார் சைக்கிள். எழுபதுகளில் பொலோஞ்ஞாவில் செய்தது. தாழ்ந்த கைப்பிடி, ஒற்றை இருக்கை, காதைக் கிழிக்கும் சத்தம். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்து வாங்கியது. இருவரும் ஓட்டுவார்கள். பங்கை விற்க இருவரும் மறுத்தார்கள். கடைசியில் வக்கீல் ஒரு வாரம் அவனுக்கு, ஒரு வாரம் அவளுக்கு என்று எழுதிக்கொடுத்தார். வண்டி ஒரியானோவின் பட்டறையில் நிற்கும். சாவி ஆணியில் தொங்கும்.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

3

பேச்சில்லை என்று எழுதியது சரியல்ல.

வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வளையம் உண்டு. அதில் ஐந்து படிகள். கனமான ஆளுக்கு ஐந்தாவது, ஒல்லியான ஆளுக்கு முதலாவது. வளைந்த ஒரு ஸ்பேனரைப் போட்டுத் திருப்ப வேண்டும். லெயார்கோ ஐந்தில் வைத்து ஓட்டுவான். தன் வாரம் வந்ததும் நீவெஸ் திட்டிக்கொண்டே இரண்டுக்கு இறக்குவாள்.

“தின்னு தின்னு ஸ்பிரிங்கையே நசுக்கிட்டான் பாரு” என்பாள்.

“அதெல்லாம் நசுங்காது” என்பான் ஒரியானோ, தலையை நிமிர்த்தாமல்.

“அவனுக்காகப் பேசாத. உனக்கும் அதே தொப்பைதான்.”

அவனுடைய வாரத்தில் அவன் இதேபோல் எதையோ முணுமுணுத்துக்கொண்டு மறுபடி ஐந்துக்கு ஏற்றியிருப்பான். இப்படியே வருடங்கள் போயின.*

இந்த வசந்தத்தில் வளையம் நான்கில் இருந்தது.

ஒரியானோ தவறுதலாகத் திருப்பியிருப்பான் என்று நினைத்தாள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாள். நான்கு. ஜூன் மாதம் மூன்று.

ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் குந்தியிருந்தாள். அன்று வண்டியை எடுக்கவில்லை.

* பல தம்பதிகள் இதைவிடக் குறைவாகவே பேசிக்கொள்கிறார்கள்.

4

இங்கே எனக்கு ஒரு தயக்கம். கதையில் ஒரு ஆண் மெலிகிறான் என்றால் அவன் சாகப்போகிறான். வாசகருக்கு இது தெரியும், ஆசிரியருக்கும் தெரியும். நோயைக் கொண்டுவருவது எழுத்தாளனின் சோம்பேறித்தனம். ஆகவே வேறு காரணம் தேடினேன். லெயார்கோவுக்குப் பக்கத்து ஊரான ஃபோர்லியில் ஒரு பெண் கிடைத்திருக்கலாம். அவளுக்காகப் பட்டினி கிடக்கலாம். சாயங்காலங்களில் சைக்கிள் மிதிக்கலாம்.

நான் நினைப்பதற்கு முன்பே நீவெஸ் இதை நினைத்துவிட்டாள். அவனுக்கு வேறொருத்தி இருக்க வேண்டுமே என்று அவள் வேண்டிக்கொண்டாள். முன்னாள் மனைவியர் இப்படி வேண்டிக்கொள்வதை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

அவனிடம் கேட்டிருக்கலாம். ஆறு வருடம் பேசாதவனுக்குப் போன் போட்டு “ஏன் இளைச்சிட்டே?” என்று கேட்பது எப்படி? கேட்டால் இத்தனை நாளும் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒப்புக்கொண்டது போலாகும். அவளுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது.

டயர் அதைக் கொடுத்தது.

5

டயர்களின் பக்கவாட்டில் மெல்லிய விரிசல்கள் ஓடியிருந்ததை ஒரியானோ பார்த்தான். மேலே வரிகள் ஆழமாகத்தான் இருந்தன. ரப்பர்தான் செத்துப்போயிருந்தது. விரல் நகத்தால் அழுத்தினான். நகம் இறங்கவில்லை. விவாகரத்துக்குப் பிறகு யாருமே டயர் மாற்றவில்லை. மற்றவர் மாற்றியிருப்பார் என்று இருவரும் நினைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கை வாரம் தவறாமல் திருத்தியவர்கள், தரையில் படுகிற ஒரே பொருளைக் கவனிக்கவில்லை.

ஒரியானோ சாவியை ஆணியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“ஸ்பிரிங்க வாரா வாரம் திருப்பிக்கலாம். டயர வாரா வாரம் மாத்த முடியாது. ரெண்டு பேரும் வந்து ஒரு டயரச் சொல்லுங்க. அதுவரைக்கும் வண்டி வெளிய போகாது.”

“வரச் சொல்லு அவன” என்றாள் நீவெஸ். “ஆனா வண்டியில ஏறி உக்காரணும். டயர் மாறினா உயரம் மாறும், ஸ்பிரிங்க புதுசா அளக்கணும்னு சொல்லு.”

“அது உண்மைதானே.”

“உண்மைங்கறதாலதான் சொல்லச் சொல்றேன். நீ பொய் சொன்னா மூக்கு சிவந்துடும்.”

6

லெயார்கோ முழுத் தோல் உடையோடு வந்தான். உள்ளே கம்பளிச் சட்டை. நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது. ஒரு காலத்தில் அந்த உடையின் ஜிப்பை மேலே இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததாம். இப்போது கம்பளியோடு சேர்த்தே மூடிவிட்டது.

“குளிருதாக்கும்?” என்றாள் நீவெஸ்.

“ஓட்டுற உடுப்போடதான் அளக்கணும். மறந்துட்டியா?”

“மறக்கல. ஏறு.”

அவன் ஏறினான். எங்கேயோ இரும்பு சத்தம் கேட்டது.

“என்னய்யா அது?” என்றான் ஒரியானோ.

“சாவிக்கொத்து.”

“எந்த ஜெயிலோட சாவி?”

பைகளில் ஸ்பேனர்கள். இடதில் இரண்டு, வலதில் ஒரு சுத்தியல். [இதை நான் கற்பனை செய்ததாக நினைப்பீர்கள். கதையின் இரண்டாம் படியில் எடுத்துவிட்டேன். மூன்றாம் படியில் அவனே திரும்பப் போட்டுக்கொண்டான்.]

நான் முன்னால் நின்று கைப்பிடியைப் பிடித்தேன். அளப்பதற்காக ஒரியானோ வளையத்தைப் பழையபடி ஐந்துக்கு ஏற்றியிருந்தான். நீவெஸ் பின்சக்கரத்தருகே மண்டியிட்டு டேப்பை நீட்டினாள்.

“காலத் தூக்கு.”

“தூக்கிட்டேன்.”

“அழுத்தாத. வண்டி என்ன பன்னிக்குட்டியா, அமுக்கிப் பிடிக்கிறதுக்கு? சும்மா உக்காரு.”

“சும்மாதான் உக்காந்திருக்கேன்.”

“இருபத்தொன்பது வருஷமா நீ சும்மா உக்காந்தத நான் பாத்ததில்ல. மூச்ச விடு.”

அவன் மூச்சை விட்டான். அவனுடைய எடை கைப்பிடி வழியாக என் கைக்கு வந்தது. அது எப்படி இருந்தது என்றால்

எப்படியும் இல்லை. அதுதான் விஷயம்.

ஐந்தாம் படியில் அவன் உட்கார்ந்தால் பின்பக்கம் ஒரு தீப்பெட்டி உயரம் இறங்க வேண்டும். சுத்தியலோடும் கம்பளியோடும் சேர்த்துப் பாதிகூட இறங்கவில்லை. வண்டியை ஒருமுறை அழுத்தி எழவிட்டு அளந்தாள். ஒருமுறை தூக்கி விழவிட்டு அளந்தாள். முறை அதுதான், இரண்டுக்கும் நடுவே உள்ளதை எடுத்துக்கொள்வார்கள். அவள் மூன்றாவது முறையும் அளந்தாள். அதற்கு எந்த முறையும் இல்லை.

“யாராச்சும் கிடைச்சாளா?” என்று டேப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

“என்னது?”

“பொம்பள. புதுசா. இளைச்சிருக்கியே.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “ஆமா” என்றான்.

“நல்லதாப் போச்சு. பேரு?”

லெயார்கோவின் கண் பட்டறையைச் சுற்றியது. “மார்ச்செல்லா.”

பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த ஒரியானோவின் நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதாக நினைத்து வாலை ஆட்டிக்கொண்டு லெயார்கோவிடம் வந்தது.

முதலில் சிரித்தது நீவெஸ்தான். அதுவும் நெடுநேரம் நீடிக்கவில்லை. எழுந்து ஸ்பேனரை எடுத்தாள். வளையத்தை ஐந்திலிருந்து மூன்றுக்கு இறக்கினாள். தனக்காக அல்ல, அவனுக்காக. பிறகு மறுபடி மண்டியிட்டாள்.

“இப்ப பாக்கெட்ல இருக்கறத எடுத்துக் கீழ வை. ஒழுங்கா அளப்போம்.”

அவன் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான்.

7

கதையில் ஓட்டை இருக்கிறது. நீங்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பையில் சுத்தியல் போட்டுக்கொண்டு வருகிறவன், வளையத்தை மூன்றில் விட்டுவிட்டுப் போவானா? ஓட்டி முடித்ததும் ஐந்துக்கு ஏற்றிவிட்டுப் போயிருந்தால் அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. ஒரு நிமிட வேலை. மறைக்க விரும்பியவன் அதைத்தான் செய்திருப்பான்.

மறந்துவிட்டான் என்று எழுதிப் பார்த்தேன். இந்த வண்டியில் எதையும் மறக்கிற ஆள் அல்ல அவன். அவள் பார்க்கட்டும் என்றே விட்டான் என்று எழுதினேன். அப்படியென்றால் சுத்தியல் எதற்கு? இரண்டில் ஒன்றை வெட்டச் சொல்லி நண்பர் ஒருவர் அறிவுரை சொன்னார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

ஓட்டையை அடைக்கவில்லை.

8

ஒரியானோ இரண்டு டயர்களின் பெயரைச் சொன்னான். பழைய பதினெட்டு அங்குலச் சக்கரத்துக்கு நல்லதாகக் கிடைப்பது அவ்வளவுதான். ஒன்று மெத்தென்றது. சீக்கிரம் சூடாகும், மலை வளைவில் ஒட்டிக்கொள்ளும், இரண்டு கோடையில் தேய்ந்துவிடும். மற்றது கெட்டி. பிடிமானம் சுமார், ஈரத்தில் பயமுறுத்தும். ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும்.

இதில் இருவர் கட்சியும் ஊருக்கே தெரியும். நீவெஸ் எப்போதும் மெத்தென்றது. லெயார்கோ எப்போதும் கெட்டி. தேய்கிற பொருளுக்குக் காசு கொடுப்பது பாவம் என்று கடையில் முடி வெட்ட வந்தவர்களிடமெல்லாம் சொன்னவன். கல்யாண நாளன்று இருவரும் தேவாலய வாசலில் டயருக்காகச் சண்டை போட்டார்கள் என்று ஒரியானோ சத்தியம் செய்கிறான்.*

“சரி, ஆரம்பிங்க” என்றான் ஒரியானோ. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

“மெத்துனதே போடு” என்றான் லெயார்கோ.

ஒரியானோ நிமிர்ந்து பார்த்தான்.

“ரெண்டு கோடைதான்யா வரும்” என்றான், மெதுவாக.

“போதும்.”

சுவரில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. [இந்த விசிறியை மௌனத்துக்காக வைத்தேன். மன்னிக்கவும். ஆனால் அது நிஜமாகவே ஓடியது.]

நீவெஸ் கையைத் துணியில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். இத்தனை வருடமாக அவள் கேட்ட டயர். அவனே சொல்லிவிட்டான். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

“கெட்டி டயர் போடு, ஒரியானோ” என்றாள்.

“கெட்டி டயர் மழையில வழுக்கும்னு நீதான கத்துவ?” என்றான் லெயார்கோ.

“வழுக்குனா மெதுவாப் போ.”

“மெதுவாப் போறதுக்கு இந்த வண்டி எதுக்கு?”

“உன்ன யாரு அவசரமாப் போகச் சொன்னா?”

அவன் கைப்பிடியைப் பார்த்தான். அவளும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டயரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

* ஒரியானோ அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை.

9

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் ஒரியானோ சமாதானம் செய்கிறான்: முன்னால் மெத்தென்றது, பின்னால் கெட்டி. பலர் அப்படிப் போடுவதும் உண்டு. எல்லோரும் காப்பி குடிக்கிறார்கள். இது மனிதர்களுக்கான முடிவு அல்ல, பத்திரிகைக்கான முடிவு. கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில் அடுத்த வசந்தத்தில் நீவெஸ் பட்டறைக்கு வருகிறாள். வளையம் இரண்டில் இருக்கிறது. அவள் விட்டுப்போன இடத்திலேயே

இல்லை. இதை நான் எழுத மாட்டேன்.

மூன்றாவதில் மருத்துவர் வருகிறார், நோயின் பெயரைச் சொல்கிறார். பெயர் தெரிந்ததும் எல்லாம் அவருடைய கதையாகிவிட்டது. வாசலோடு அனுப்பிவிட்டேன்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இருப்பது இவ்வளவுதான். ஒரியானோ ஃபோர்லியில் இருக்கும் மொத்த வியாபாரிக்குப் போன் போட்டிருக்கிறான். கை கிரீஸாக இருப்பதால் போன் ஸ்பீக்கரில், பெஞ்சின் மேல் கிடக்கிறது. லெயார்கோ வண்டியிலிருந்து இறங்கவில்லை. நீவெஸ் அவன் தோளருகே நிற்கிறாள், தொடாமல். ஒரியானோ என்னைப் பார்க்கிறான். நான் உங்களைப் பார்க்கிறேன்.

மறுமுனையில் ஒரு பெண்குரல்: “ஹலோ, மெத்துனதா கெட்டியா? ஒண்ணச் சொல்லுங்க சார், நான் சாப்பிடப் போகணும்.”