சாயம் போட்ட விரிப்புகள்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற தாதி பூரணி. நிலாவெளியில், தன் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டுச் சொன்னார். நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையில் திருகோணமலைத் துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தபோது அவர் இளந்தாதி. நான் பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்தக் காலத்துக்காக ஏங்குகிறேன். வெட்கம்தான், என்ன செய்ய?

"விமானங்கள் வானத்தை மறைத்து..." என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். பூரணி வானத்தைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியதெல்லாம் ஆஸ்பத்திரியின் வெள்ளை விரிப்புகளைப் பற்றித்தான்.

2

கஞ்சி போட்ட விரிப்பின் மணம். இரண்டு தாதிமார் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடிக்கும்போது கிட்ட வந்து முட்டிக்கொள்வதும் சிரிப்பதும். "எங்கட வார்ட் கோயில் மாதிரி இருக்கும்" என்றார். அங்கே ஒருநாளாவது நோயாளியாகக் கிடக்க எனக்கும் ஆசை வந்தது. (அது பிரசவ வார்ட். ஆசையை வாபஸ் வாங்குகிறேன்.)

குண்டு விழுந்த அன்றே ஊர் வெறிச்சோடியது. நடக்கக்கூடிய நோயாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். தாதிமாரும் வேலையாட்களும் அகப்பட்ட லொறியில் ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வார்டில் பூரணி மட்டும் மிஞ்சினாள். (கதைக்குள் அவர் 'அவள்' ஆகிவிடுகிறார், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

[ஏன் நின்றாள்? "வீரம்" என்று எழுதிப் பார்த்தேன். அவரையே கேட்டேன். "என்னை ஒருத்தரும் போகச் சொல்லேல்ல" என்றார்.]

3

வெள்ளைத் துணி எதையும் வெளியே காயப்போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. உள்ளே போட்டால் உலரவில்லை. பிள்ளை பெற்ற பெண்கள் ஈர விரிப்பில் கிடந்தார்கள். சல்லிக் கிராமத்தில் மீன்பிடிக்கும் தன் அண்ணன் வீரசிங்கத்திடம் விரிப்பு மூட்டையைக் கொண்டுபோனாள் பூரணி.

"வெள்ளையெண்டா மேலயிருந்து பிளேன்காரனுக்குத் தெரியுமாம் அண்ணை."

"அப்ப வலைக்குச் சாயம் காய்ச்சிற கிடாரத்துக்க போடு. பிளேன்காரன் என்ன, கடவுளுக்கே தெரியாது."

விரிப்புகள் மண்ணிறமாகி, நல்ல வெயிலில் காய்ந்தன. தாய்மார் காய்ந்த துணியில் நித்திரை கொண்டார்கள். பூரணிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

4

கிண்ணியாவிலிருந்து வந்திருந்த ஜெஸீமாவுக்குக் காலையில் பெண்குழந்தை பிறந்தது. மற்றக் கட்டில்களையெல்லாம் பார்த்துவிட்டுப் பூரணி அவளிடம் வர மத்தியானமாகிவிட்டது.

"என்னம்மா செய்யுது?"

"ஒண்டுமில்ல மிஸ்ஸி. குளிருது."

சித்திரை வெயிலில் குளிரா? விரிப்பைத் தொட்டாள். ஈரம். வியர்வையா, வேறெதுவுமா என்று அந்த மண்ணிறத்தில் தெரியவில்லை. தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றி அழுத்தினாள். தொப்பி சிவந்தது.

வெள்ளை விரிப்பாக இருந்தால் வாசலிலிருந்தே கண்டிருப்பாள்.

அடிவயிற்றை அழுத்திப் பிசைந்தாள். இரத்தம் குறைந்தது. கையை எடுத்தால் மறுபடி வந்தது. டொக்டர் முற்றத்துக்கு அப்பால், துறைமுகத்துக் காயக்காரரோடு இருந்தார். கூப்பிட்டால் கேட்காது. பூட்டிக் கிடந்த மருந்து அலுமாரியின் திறப்பும் அவரிடம்தான். வார்டில் எழுந்து நடக்கக்கூடியவர் ஒருவரும் இல்லை.

"என்ட புள்ளைய ஆரு பாக்கிற மிஸ்ஸி?"

"நீங்கதான் பாக்கப்போறீங்கள். கதையாமப் படுங்கோ."

5

பூரணி இவ்வளவுதான் சொன்னார். பிறகு "தேத்தண்ணி போடட்டே?" என்று எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். மறுபடி கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

நானே எழுதிப் பார்த்த முதல் முடிவில் அவள் டொக்டரிடம் ஓடுகிறாள். திரும்பி வரும்போது கட்டிலில்... இரண்டாவதில் கையை எடுக்காமலே நிற்கிறாள், மருந்தில்லாமல், மாலைவரை... இரண்டையும் முடிக்க என்னால் ஏலவில்லை.

மூன்றாவதில் கள்ளவேலை செய்தேன். வார்டுக்குள் இன்னொரு தாதியை நுழைத்தேன். ஒருத்தி அழுத்திப் பிடிக்க மற்றவள் ஓடினாள். மருந்து வந்தது, ஜெஸீமா பிழைத்தாள். எவ்வளவு சுலபம்! எழுதிவிட்டு அழுதேன்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். எழுதுமுன் அந்த இரண்டாவது தாதியை மட்டும் அழித்துவிடுங்கள். அப்படி ஒருத்தி அங்கே இருக்கவில்லை.