இடப்பக்கம் ஒன்றரை விரல்

வண்டிக்குள் ஆளை உட்கார வைக்காமல் காசிமாயன் புஷ் போல்ட்டை முடுக்க மாட்டார். போடியில் இதைச் சொல்லி அவரைக் கேலி பண்ணாத ஜீப் டிரைவர் கிடையாது. "புஷ் மாத்தப் போறியா மாப்ளே? மாமியா வீட்டையே கூட்டிட்டுப் போ. அத்தனை பேரையும் ஏத்தி வச்சுத்தான் அந்தாளு ஸ்பானரையே எடுப்பாரு" என்பார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்ள மாட்டார். முந்தல் சாலையோரப் பட்டறையில் குழிக்கு மேலே வண்டி நிற்கும், உள்ளே ஆள் இருக்கும், இவர் குழிக்குள் நின்று வேலையைப் பார்ப்பார்.

இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். அதன் ஊடே போகும் போல்ட்டை எந்த நிலையில் முடுக்குகிறோமோ, அந்த நிலையை ரப்பர் பிடித்துக்கொள்ளும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முடுக்கினால், வண்டி தரையிறங்கிய பிறகு ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும். சமதளத்தில் ஆறு மாதம் ஓட்டிவிடலாம். போடிமெட்டு மலை வளைவுகளில் ஒரு வாரம் தாங்காமல் கிழிந்துவிடும். அதனால்தான் சக்கரம் தரையில் நிற்க, ஆள் ஏறிய கனத்தோடு முடுக்க வேண்டும்.

காசிமாயன் ஒரே ஒரு தடவை அப்படி முடுக்கினார். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் பட்டறை வாசலில் காத்து நிற்க, ஜீப்பை ஜாக்கியில் தூக்கிய வாக்கிலேயே அவசரமாக முடுக்கி அனுப்பினார். நாலாம் நாள் பதினோராவது வளைவில் அந்த ஜீப் உருண்டது. மற்றவர்கள் கைகால் முறிவோடு தப்பினார்கள். அந்தப் பெண்களோடு போன அவருடைய மனைவி முத்துப்பேச்சி தப்பவில்லை. பனிமூட்டத்தால் வந்த வினை என்று ஊர் சொன்னது. கிழிந்த புஷ்ஷைப் பார்த்தது இவர் மட்டும்தான். கழற்றி எடுத்து வந்து ஒளித்து வைத்தார். ஒரே மகள் சுகன்யாவிடம்கூட வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவளும் தன்னை விட்டுப் போய்விடுவாள் என்று பயம். பாவி மனுஷன், அந்தப் பயத்துக்குத்தான் மூன்று வருஷமாகச் சோறு போட்டு வளர்த்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சுகன்யா ஒரு சிவப்புக் காரில் வந்து இறங்கினாள். ரெண்டே சீட்டு, தரையோடு ஒட்டிய வண்டி. கோயம்புத்தூரில் ரேஸ் வண்டிகள் தயார் செய்யும் ஒரு பட்டறையில் அவளுக்கு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக அவளே ஓட்டப் போகிறாள்.

"பழைய புஷ் கொழகொழன்னு ஆயிருச்சுப்பா. வேகமா வளைச்சா பின்பக்கம் ஒரு பக்கம் போவுது, முன்பக்கம் ஒரு பக்கம் போவுது. முன்பக்கத்துக்குக் கெட்டி ரப்பர்ல புதுசு கொண்டாந்திருக்கேன்."

"அங்கயே போட்டிருக்கலாம்ல ஆத்தா?"

"அங்க அழுத்துனதுல ரெண்டு கோணிக்கிச்சு. உங்க கைதான் வேணும்."

மனுஷனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பழைய புஷ்களைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளினார். புதியவற்றைச் சோப்புத் தண்ணீர் தடவி ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினார். மூன்று மணிக்குள் எல்லாம் பொருத்தி, காரைக் குழிமேல் நிறுத்தினார். முன்பக்கம் நாலு போல்ட்டை முடுக்குவது மட்டும் பாக்கி.

"ஏறி உக்காரு. ரேஸுல நீ மட்டும்தான? ஸ்டியரிங் பக்கம் உக்காந்தாப் போதும்."

"ஒரு போன் பேசிட்டு வெரசா வந்துர்றேன்" என்று அவள் எதிரே ஜக்கம்மாள் டீக்கடைப் பக்கம் போனாள். இவர் குழிக்குள் இறங்கினார்.

மலையிலிருந்து பனி இறங்கி ரோட்டை மூடிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. குழிக்குள்ளிருந்து பார்த்தால் காலடி மட்டும்தான் தெரியும். ரப்பர் செருப்பு, அறுந்த வாரைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தது. கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் காய்ந்திருந்தது. அவர் கண் போல்ட்டின் மேல் இருந்தது, மனசில் எதுவும் பதியவில்லை. கதவு சாத்தியது. காரின் இடப்பக்கம் மெதுவாக அமுங்கியது.

"அந்தப் பக்கம் இல்லாத்தா, ஸ்டியரிங் பக்கம்" என்றார்.

அமுங்கிய பக்கம் அமுங்கியே இருந்தது. வேறு யாராக இருந்தாலும் மேலே ஏறிப் பார்த்திருப்பார்கள். இவர் கை ஜீப்புக்கு முடுக்கிப் பழகிய கை. எடை ஏறியது தெரிந்தால் போதும், ஸ்பானர் தானாகப் போய் உட்கார்ந்துவிடும். நாலு போல்ட்டையும் முடுக்கி முடித்தார்.

"ஆச்சு, இறங்கு."

வண்டி எழும்பவில்லை. மேலே ஏறி வந்து பார்த்தார். ரெண்டு சீட்டும் காலி. காருக்குள் பச்சை ஏலக்காய் வாசம் அடித்தது. பனிக்குள்ளிருந்து சுகன்யா டீ கிளாஸோடு வந்துகொண்டிருந்தாள்.

"ஆரம்பிக்கலாமாப்பா?" என்றாள்.

அவர் டேப்பை எடுத்து அளந்தார். வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் ஒன்றரை விரல் தாழ்ந்திருந்தது. எடையோடு முடுக்கிய ரப்பர் அப்படித்தான் பிடிக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். யார் எடை என்று யோசிக்கவில்லை.

முடுக்கியாச்சு என்று மட்டும் சொன்னார். அவர் தடுப்பதற்குள் சுகன்யா காரை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போனாள். இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"இடப்பக்கம் இழுக்குதுப்பா. வளைக்கும்போதெல்லாம் பக்கத்துல ஒரு ஆளு சாஞ்சு சாஞ்சு எழுந்திரிக்கிற மாதிரி இருக்கு." அவள் டேஷ்போர்டைக் காட்டினாள். பக்கத்து சீட்டுக்காரர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. டிங் டிங் என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. "யாருமே இல்லாத சீட்டுக்கு எதுக்குப்பா அடிக்குது?"

"ஞாயித்துக்கிழமை போகாத ஆத்தா."

"போவேன். இப்படியே போனா சுவத்துல கொண்டு போய் விட்டுருவேன். சரி பண்ணிக் குடுங்க."

காரைக் குழிமேல் நிறுத்தி, அவள் ஸ்டியரிங் பக்கமே உட்கார்ந்துகொண்டாள். அவர் கீழே இறங்கி நாலு போல்ட்டையும் தளர்த்தினார். தளர்த்தினால் ரப்பர் பிடியை விட வேண்டும், வண்டி எழும்ப வேண்டும். எழும்பவில்லை. இரும்புக் கையைத் தோளால் முட்டித் தள்ளினார். மேலே யாரோ அசையாமல் உட்கார்ந்திருக்கும் கனம் தோளில் தெரிந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் அந்தச் செருப்பு ஞாபகம் வந்தது. அறுந்த வாரைக் கட்டியிருந்தது செம்புக் கம்பி. இதே பட்டறையில் உட்கார்ந்து முத்துப்பேச்சிக்கு அவரே முறுக்கிக் கொடுத்தது.

அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். சொன்னால் மகள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மகளே இருக்கமாட்டாள். குழிக்குள் நின்றபடி, மகளின் முகம் தெரியாத தைரியத்தில் சொன்னார்.

"ஆத்தா, உங்கம்மா போன ஜீப்பு பனியில உருளலை. நாந்தான். ஜாக்கியில தொங்கவிட்டே முடுக்கிட்டேன். புஷ் கிழிஞ்சிருச்சு."

மணி மட்டும் அடித்தது.

"ஏன்?" என்று சுகன்யா கேட்டாள்.

"அவசரம். எல்லாரும் கத்திக்கிட்டு நின்னாங்க. உங்கம்மா இந்தா, இங்கனதான் நின்னா. 'இறக்கிட்டு முடுக்குங்க, நான் ஏறி உக்காந்துக்கிறேன்'னா. 'உஞ் சோலியைப் பாரு'ன்னு விரட்டிட்டேன்." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார்.

மணி நின்றது. வண்டியின் இடப்பக்கம் மெல்ல எழும்பியது, முட்டிவலிக்காரி ஒருத்தி பார்த்துப் பார்த்து இறங்குவதுபோல. ரப்பர் செருப்புச் சத்தம் குழியோரமாக வந்து, கொஞ்சம் நின்று, பிறகு மலைப்பக்கம் போனது.

காசிமாயன் இப்போது வலப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுவும் எழும்பிவிடும், கதவு திறக்கும், மகளின் ஷூ சத்தமும் ரோட்டுப் பக்கம் போய்விடும் என்று காத்திருந்தார். வலப்பக்கம் அமுங்கியது அமுங்கியபடியே இருந்தது. மேலே அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"முடுக்குங்க" என்றாள் சுகன்யா. அப்பா என்று சொல்லவில்லை. "நான் உக்காந்திருக்கேன்."

கண்ணீர் மறைத்தது. போல்ட்டைத் தடவித்தான் ஸ்பானரைப் போட்டார்.