லா ரெனார்தியேர் ஏன் விலைபோகவில்லை

ஒடில் அந்த உதவியைக் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவளுடைய சொந்த வீட்டை விலைக்குக் கேட்பதுபோல நான் போய் நடிக்க வேண்டுமாம். கூட என் கணவர் ஜெராரும் வர வேண்டும். பாரிஸிலிருந்து வருகிறோம், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், கிராமத்தில் பழைய வீடாகத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

"யாரோ என் வீட்டை விக்கவிடாம பண்றாங்க மிரேய். யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு," என்றாள்.

நானும் அவளும் ல மான் நகரத்தில் ஒரே மருந்துக்கடையில் வேலை பார்த்துக் கிழடானவர்கள். போலி மருந்துச் சீட்டோடு வருகிறவனை அவன் கதவைத் திறக்கும்போதே ஒடில் கண்டுபிடித்துவிடுவாள். பாதி தடவை அவள் நினைத்தது சரியாக இருக்கும். மீதிப் பாதியில் பாவம் யாராவது முதுகுவலிக்காரர் அவமானப்பட்டுத் திரும்பிப் போவார்.

அவள் அப்பா இறந்த பிறகு பெர்ஷ் பகுதியில் இருந்த அந்த வீடு அவளுக்கும் தம்பி உபேருக்குமாக வந்தது. பெயர் லா ரெனார்தியேர். மன்னர் காலத்துக் கல் வீடு, மூலையில் ஒரு கோபுரம், முற்றத்தைச் சுற்றிக் குதிரைக் கொட்டில், ஆப்பிள் பிழியும் கொட்டகை, ரொட்டி சுடும் அறை, புறாக்களே இல்லாத புறா மாடம். பின்னால் உயர்ந்த மதிலுக்குள் காய்கறித் தோட்டம். மதிலோடு மதிலாகப் பரத்திக் கட்டிய பேரி மரங்கள் அங்கே கவனிப்பாரில்லாமலே காய்த்துக்கொண்டிருந்தன. தம்பி லியோனில் இருக்கிறான். அக்கா ல மானில். அங்கே போய்க் குடியிருக்க இருவருக்கும் எண்ணமில்லை. விற்றுவிடலாம் என்று முடிவு செய்து லோரான்ஸ் என்ற தரகுப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்தார்கள்.

பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. வருவார்கள், வாயைப் பிளப்பார்கள், கணப்படுப்பின் கல்லைத் தடவிப் பார்ப்பார்கள், கோழிக்கூட்டை எங்கே வைப்பது என்று புருஷனும் பெண்டாட்டியுமாக வாதாடுவார்கள். போன மறுநாளோ அதற்கு மறுநாளோ லோரான்ஸுக்குப் போன் வரும். ரயில் நிலையம் தூரம். பையனுக்குப் புல் ஒத்துக்கொள்ளாது. மாமியாருக்குக் கடல் பக்கத்தில் இருந்தால்தான் பிடிக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம், எல்லோரும் தேனாகப் பேசினார்கள், ஒருவரும் திரும்பி வரவில்லை.

ஒடில் முதலில் சந்தேகப்பட்டது பக்கத்துப் பண்ணைக்காரர் அர்மானை. அவள் அப்பா காலத்திலிருந்து அர்மானின் கன்றுகள் அந்தக் கொட்டிலில்தான் கட்டிக் கிடந்தன, அந்தப் புல்வெளியில்தான் மேய்ந்தன. பதிலுக்கு அவர் குளிர்காலத்துக்கு ஒரு வண்டி விறகு இறக்கிவிட்டுப் போவார். வீடு கைமாறினால் அவருக்கு நஷ்டம். அதோடு, யாராவது வீடு பார்க்க வந்தாலே அவருடைய டிராக்டர் சந்தில் நிற்கிறது என்று லோரான்ஸ் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். ஒடில் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

"வர்றவங்ககிட்ட என்ன சொல்றீங்க அர்மான்?"

"வணக்கம் சொல்றேம்மா."

"வேற?"

"வேற என்ன சொல்றது. பாரிஸ்காரங்க நம்மகிட்ட எங்க நின்னு பேசறாங்க."

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. கன்றுகளை ஓட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கொட்டும் மழையில் ஓட்டிக்கொண்டு போனார். எதிர்த்துப் பேசாததுதான் ஒடிலுக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. தப்பு செய்யாதவன் சண்டை போடமாட்டானா என்று என்னிடம் கேட்டாள்.

கன்றுகள் போயும் வீடு விற்கவில்லை. அடுத்தது தம்பி. விலை தரைமட்டத்துக்கு வரட்டும், அக்காவின் பங்கையும் சேர்த்து வளைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று உபேர் உள்ளுக்குள் வேலை செய்கிறான் என்று நினைத்தாள். நினைத்ததைப் போனில் சொல்லியும் விட்டாள்.

"அந்த வீடு வேணும்னா நான் உன்கிட்ட நேராவே கேட்டிருப்பேனே அக்கா."

"கேட்டு வாங்கற பழக்கம் உனக்கு எப்படா இருந்தது?"

அவன் போனை வைத்துவிட்டான். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவன் வரவில்லை.

மிச்சம் இருந்தது லோரான்ஸ். தரகுப் பெண்ணே தன் சொந்தக்காரர் யாருக்காவது அடிமாட்டு விலைக்கு முடிக்கப் பார்க்கிறாளோ? அதற்காகத்தான் என்னையும் ஜெராரையும் அனுப்புவது. போகமாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆனால் ஜெராருக்கு நடிக்கக் கொள்ளை ஆசை. பாரிஸ்காரர்கள் கழுத்தில் சுற்றுவதுபோல ஒரு துண்டைக்கூடத் தேடி எடுத்துச் சுற்றிக்கொண்டார்.

வசந்த காலம், முந்தின நாள் மழையில் முற்றம் சொதசொதவென்று கிடந்தது. லோரான்ஸ் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தாள். நாங்கள் இறங்கும்போதே சந்தில் டிராக்டர் நின்றது. அர்மான் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். நானே வலியப் போய், இடம் எப்படி என்று விசாரித்தேன். ஆகஸ்டில் கிணறு வற்றும், மற்றபடி நல்ல வீடு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டிராக்டர் ஏன் எப்போதும் அங்கே நிற்கிறது என்பதும் புரிந்தது. அவருடைய நிலத்துக்குப் போக அந்தச் சந்து ஒன்றுதான் வழி.

லோரான்ஸிடமும் எனக்குக் கோணலாக எதுவும் படவில்லை. வீட்டைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ரொட்டி அறையின் கூரையில் ஓடு பெயர்ந்திருப்பதை அவளாகவே காட்டினாள். தோட்டத்தில் பேரி மரங்கள் பூத்திருந்தன. ஒரு நிமிஷம் நாங்களே உண்மையில் வாங்கினால் என்ன என்றுகூட எனக்குத் தோன்றியது.

பிறகு வீட்டுக்குள் போனோம். சுவரெல்லாம் தேநீர் நிறம். ஒட்டியிருந்த காகிதம் ஓரங்களில் சுருண்டு தொங்கியது. ஜன்னல் சட்டங்களில் ஐம்பது வருஷமாக யாரும் தூரிகை வைத்ததில்லை. ஆனால் கூடத்தின் கோடியில், மாடிப்படிக்குக் கீழே, ஒரே ஒரு மரத்தடுப்பு மட்டும் வெள்ளை வெளேரென்று புது பெயிண்டில் பளபளத்தது. நான் முடியைப் பாதியாக வெட்டிக்கொண்டு வந்தாலும் கவனிக்காத மனுஷர் ஜெரார். அவரே நின்றுவிட்டார்.

"இங்க மட்டும் ஏன் பெயிண்ட் அடிச்சிருக்கு?"

லோரான்ஸ் முகம் சிவந்தது. "உரிமையாளர் சரி பண்ணியிருக்காங்க," என்றாள். பிறகு, கேட்காமலே சொன்னாள்: "வர்றவங்க எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. எனக்கும் தெரியல. ஒருத்தரு உள்ள யாரையாவது பொதைச்சு வச்சிருக்காங்களான்னு கேட்டாரு."

நான் குனிந்து தடுப்பின் அடியில் முகர்ந்து பார்த்தேன். பெயிண்ட் வாசனைக்குக் கீழே இன்னொரு வாசனை இருந்தது. காளான் கூடையைக் காருக்குள்ளேயே மறந்துவைத்துவிட்டால் மறுநாள் கதவைத் திறக்கும்போது அடிக்குமே, அது. என் சித்தி வீட்டில் இதே வாசனை அடித்தது. ஒருநாள் அவர்களுடைய பியானோ தரையை உடைத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்கியது. மரத்தைத் தின்னும் பூஞ்சை. கல்லையே ஊடுருவிக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். தெரிந்திருந்தும் சொல்லாமல் விற்றால் அதற்கு வழக்குப் போடலாம்.

காரில் திரும்பும்போது ஜெரார் கழுத்துத் துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "நம்மள வச்சு அவ யாரைச் சோதிச்சா? அவங்களையா, இல்ல அந்தச் சுவரையா?" என்றார். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒடில் சந்தைத் திடலின் ஓரத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தாள். நான் உட்காருவதற்குள், அர்மான் என்ன சொன்னார், லோரான்ஸ் யாருக்காவது போன் பண்ணினாளா என்று ஆரம்பித்துவிட்டாள்.

"படிக்குக் கீழ என்ன இருக்கு ஒடில்?"

அவள் கரண்டியால் காப்பியைக் கலக்கினாள். அதில் சர்க்கரையே போடவில்லை.

"ஈரம்," என்றாள்.

"நான் மோந்து பாத்துட்டேன்டி."

மெதுவாகத்தான் சொன்னாள். அப்பாவின் கடைசிக் குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் ஒழுகியிருக்கிறது. பலகை ஒன்று கையோடு வந்திருக்கிறது. பின்னால் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. அப்பா யாரிடமும் சொல்லாதே என்றார். அவர் போன பிறகு, அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாத ஒரு ஆளை வெளியூரிலிருந்து கூட்டிவந்து தடுப்பை மூடிப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறாள். காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால் அது தானாகச் செத்துவிடும் என்றானாம்.

"யார் சொன்னது? தச்சனா?"

"பெயிண்ட் அடிச்சவன்."

"அப்ப என்னை எதுக்கு அனுப்பின?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள். அந்த ஒரு விஷயத்தில் அவளைப் பாராட்டத்தான் வேண்டும். "நீ கண்டுபிடிக்கலைன்னா வேற யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்கன்னு நினைச்சேன். அப்படின்னா அர்மானோ லோரான்ஸோதான்னு உறுதியாயிடும்."

நான் எழுந்து வந்துவிட்டேன். கோபம் என்பதைவிட, இத்தனை வருஷம் கல்லாவில் பக்கத்தில் நின்றவள் எனக்குள்ளும் அவளுடைய சந்தேக வியாதியை ஏற்றிவிட்டாளே என்ற எரிச்சல். அவள் முன்பு செய்தது, சொன்னது எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறந்தநாளுக்கு அவள் கொடுத்த சால்வையைக்கூட.

கோடை தொடங்கியபோது அவளே கூப்பிட்டாள். தடுப்பை உடைக்கப் போகிறார்கள், உபேர் லியோனிலிருந்து வந்திருக்கிறான், நீயும் வா என்றாள். போனேன். உபேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தான். பலகை விழுந்ததும் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. உள்ளே பஞ்சு, அதன்மேல் துருநிறத்தில் தட்டுத்தட்டாகப் பூஞ்சை, அதற்கு மேலே படிகளைத் தாங்கும் உத்தரம் கருகிய ரொட்டிபோலக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தது. அடைத்துவைத்ததில் சாகவில்லை, நிம்மதியாக வளர்ந்திருக்கிறது.

"எங்கிட்ட ஏங்கா சொல்லல?"

"சொன்னா உன் பங்கை முதல்ல எடுத்துக்கிட்டு இதை என் தலையில கட்டிடுவியோன்னு நினைச்சேன்."

உபேர் இன்னொரு பலகையை நெம்பினான். "யோசிச்சிருப்பேன்," என்றான். ஒடில் சிரித்துவிட்டாள். அவர்களுக்குள் பேச்சு திரும்பியது அப்போதுதான்.

அர்மானிடமும் போனாள். கன்றுகளைத் திரும்பக் கட்டிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் உள்ளே உட்காரவைத்து, ஆப்பிள் மது ஊற்றிக் கொடுத்து, மச்சான் பண்ணையில் இடம் கிடைத்துவிட்டது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தக் குளிர்காலத்துக்கு விறகு வரவில்லை.

அதற்குப் பிறகு லோரான்ஸ் வருகிறவர்களை முதலில் படிக்குக் கீழேதான் கூட்டிப்போனாள். நிறையப் பேர் அங்கேயே திரும்பிப் போனார்கள். கடைசியில் நான்த் நகரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்குத் தச்சு வேலை தெரியும். உத்தரத்தை விரலால் குத்திப் பார்த்துவிட்டு, விலையை நன்றாக இறக்கிக் கேட்டார். கொடுத்துவிட்டார்கள்.

பத்திரம் எழுதிப் பதிகிற நொத்தேர் அலுவலகத்துக்கு நானும் துணைக்குப் போனேன். கையெழுத்துக்கு முன்னால் அந்த மனைவி, வேறு ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறதா என்று ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்டாள். ஒடில் ஆரம்பித்தாள். கிணறு வற்றும். மேற்குக் காற்றடித்தால் கணப்படுப்பு புகையும். கோபுரத்தில் ஆந்தை. புறா மாடத்தின் கதவு நிலையைவிட ஒரு விரற்கடை பெரிது. பக்கத்துப் பண்ணைக்காரர் தங்கமானவர், அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். நிறுத்தவே இல்லை. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஐந்து நிமிஷம் இடைவெளி கேட்டு வெளியே வந்த அந்தப் பெண், கூடவே நடைக்கு வந்த என் பக்கத்தில் நின்றாள்.

"இவ்வளவு சொல்றாங்களே, வேற எதையோ மறைக்கறாங்களா?"

"இல்லை."

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"சிநேகிதி," என்றேன்.

"ஓ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்கள்.

போன மாதம் ஒடில் என் வீட்டுக்கு வந்தபோது கொதித்துக்கொண்டிருந்தாள். புதுக்காரர்கள் ஒரு ஆளை வைத்து வீட்டின் எல்லாச் சுவரையும் தட்டித் தட்டிப் பார்க்கிறார்களாம்.

"உனக்கு யார் சொன்னா?"

"அர்மான்தான். சந்தையில பாத்தேன். நின்னு பேசினாரு."

"ரொம்ப நேரமா?"

"ரெண்டு வார்த்தை," என்றாள். பிறகு, "அவங்க கொட்டிலை அவருக்கே விட்டுட்டாங்களாம்," என்றாள்.