ஆமை ஓட்டின் ஏழு கட்டங்கள்

நடுக்கட்டத்தில் பாதியைப் பச்சையால் நிரப்பியிருந்தபோது, அப்பாவின் குரல் கேட்டு சிகுசாவின் பென்சில் நின்றது.

"என்ன சத்தம் அது?"

கண்கள் மூடியேதான் இருந்தன. காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

"கலர் அடிக்கிறேன்ப்பா."

"எதுக்கு?"

"சும்மாதான். வெளியில ஹால்ல அடுக்கி வச்சிருக்காங்க. நோயாளிகூட இருக்கிறவங்களுக்காம். மனசு லேசாகுமாம்."

"லேசாச்சா?"

"இப்பதானே ஆரம்பிச்சிருக்கேன்."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே காற்று பலமாக இருந்தது. மருத்துவமனைக் கொடிக்கம்பத்தின் கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.

"என்ன படம்?"

"ஆமை. ரொம்ப சுலபமான படம். ஓட்டுல மொத்தமே ஏழு கட்டந்தான்." தாளின் மேல் அச்சிட்டிருந்ததை அவள் வாசித்துக் காட்டினாள். "'முதல்முறை வண்ணம் தீட்டுவோருக்கு. அவசரம் வேண்டாம். கோட்டைத் தாண்டினாலும் பரவாயில்லை.'"

"தாண்டினாலும் பரவாயில்லையாமா?" அப்பாவின் உதட்டோரம் இழுபட்டது. "இந்த வார்டுக்குத் தோதாத்தான் எழுதியிருக்காங்க."

"அப்பா!"

"என்ன கலர் அடிக்கிற?"

"பச்சை."

"பச்சை ஆமையை எங்க பார்த்த நீ?"

அவள் எங்கும் பார்த்ததில்லை. கோடையில் ஆமைகள் கரையேறி முட்டையிடுகிற ஊரில் பிறந்து வளர்ந்தும், பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் விடிவதற்கு முன்பே அரிசி கழுவ ஓடுகிறவளுக்குக் கடற்கரைக்குப் போய் உட்கார நேரம் வாய்த்ததில்லை. அப்பா பல காலம் கேஸ் சிலிண்டர் போடுகிற வேலையில் இருந்தவர். அதற்கு முன், இளவயதில், வலைப்படகில் போயிருக்கிறார். வலைக்குள் ஆமை வந்து மாட்டினால் அதன் வாயில் சாக்கே மதுவை ஊற்றி மரியாதையாகக் கடலில் விட வேண்டும். ஆமைக்குப் பாதி, எனக்குப் பாதி என்று அதை அவர் சொல்லாத புத்தாண்டு விருந்தே கிடையாது.

"அப்ப என்ன கலர்தான் அடிக்கிறது?"

அவர் யோசித்தார். யோசிக்கிறார் என்பது புருவத்தில் தெரிந்தது.

"நம்ம பழைய சிலிண்டர் வண்டி இருந்துச்சே. அதோட அடிப்பக்கம்."

"துருவா?"

"துருவேதான். ஆனா ஈரமா இருக்கிற துரு."

டப்பாவில் பன்னிரண்டு நிறங்கள் இருந்தன. துரு இல்லை. பச்சைதான் எல்லாவற்றிலும் குட்டையாகத் தேய்ந்திருந்தது. தனக்கு முன்னால் இந்த வார்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பச்சையைத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பழுப்பு நிறப் பென்சிலை எடுத்துப் பச்சையின் மேலேயே மெல்ல ஓட்டிப் பார்த்தாள். இரண்டும் சேர்ந்து, டப்பாவில் எங்குமே இல்லாத ஒரு நிறம் எழுந்து வந்தது. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பென்சிலை வைத்துவிட்டுத் தாளைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அப்பா.

"நிறுத்தல, நிறுத்தல."

அதன் பிறகு அவர் தூங்கினார். மூச்சு நின்று நின்று வந்தது. நர்ஸ் நிஷிவாகி காலையிலேயே சொல்லியிருந்தாள்: கொஞ்ச நேரம் மூச்சே இருக்காது, மறுபடி வரும், பயப்படாதீங்க. முதல் சில தடவை சிகுசா எழுந்து குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் மூச்சு திரும்பி வந்தது. அப்புறம் எழுந்திருக்கவில்லை.

நடுக்கட்டம் முடிந்ததும், இரண்டாவது கட்டத்தின் அடியில் ஆரஞ்சு கொடுத்து மேலே பழுப்பு அடித்தாள். அதிலேயே ஓரமாகக் கொஞ்சம் வெள்ளையாகவே விட்டுப் பார்த்தாள். அந்த ஒரு கீற்று வெள்ளையால் ஓடு தாளிலிருந்து உப்பி எழுந்தது. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. மூன்றாவதில் அதையே மறுபக்கம் செய்து பார்த்தாள். நான்காவதை நிரப்பும்போது ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது. பிள்ளைகள் பள்ளி விட்டு வருகிறார்கள், பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சிறுமியின் குரல் சொன்னது. "சீக்கிரமே விட்டுட்டாங்களா" என்று அப்பா முணுமுணுத்தார். "எப்பவும் விடற நேரந்தான்ப்பா" என்றாள் தலை தூக்காமலே.

ஏழாவது கட்டமும் முடிந்தது. தலையும் கால்களும் வாலும் இன்னும் வெள்ளையாக இருந்தன. ஆனால் ஓடு ஈரத் துருவாகவே வந்திருந்தது. "அப்பா, கண்ணைத் தொறந்து பாருங்களேன்" என்று தாளைத் தூக்கிப் பிடித்தாள்.

மூச்சுக்காகக் காத்திருந்தாள். கயிறு கம்பத்தில் அடிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் கையைத் தொட்டபோது, அது அவள் நினைத்ததைவிடக் குளிர்ந்திருந்தது.

மணியை அழுத்தினாள். நர்ஸ் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இப்பதானா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா" என்றாள் சிகுசா. "இப்பதான்."

டாக்டர் வந்து கண்ணையும் நெஞ்சையும் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தைச் சொல்லித் தலை குனிந்து வணங்கினார். சான்றிதழில் அந்த நேரம்தான் ஏறும். அதற்கு எவ்வளவு முன்னால் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டது மாசுவே அத்தைதான். அப்பாவின் அக்கா. ஒசாகாவிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவள், காற்று பலமாக அடிப்பதால் பாலத்தில் வண்டி ஊர்கிறது என்று இரண்டு தடவை போன் செய்திருந்தாள். வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் தம்பி கென்சாகுவின் முகத்தைத் தடவிப் பார்த்தாள். நர்ஸ் நீட்டிய ஈரப் பஞ்சால், கடைசித் தண்ணீராக, அவர் உதட்டை நனைத்தாள். அதற்கப்புறம்தான் திரும்பினாள்.

"நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன் அத்தை."

"தனியாப் போகலையே அவன்?"

"இங்கதான் உட்கார்ந்திருந்தேன்."

"கையைப் பிடிச்சிருந்தியா?"

சிகுசா கட்டிலைப் பார்த்தாள். அதை அத்தை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து அழுதாள்.

"நீ ராத்திரியிலதானே நகம் வெட்டுவ? உங்கப்பன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ராத்திரி நகம் வெட்டினா பெத்தவங்க போறப்ப கூட இருக்கக் கிடைக்காதும்பாங்க. நான் வாழ்நாள்ல ஒரு நாள்கூட வெட்டினதில்ல. எங்கம்மா போறப்பவும் வந்து சேரல, இப்ப இவனுக்கும் பாலத்துல நின்னேன். உனக்குக் குடுத்து வச்சிருக்குடி."

சொல்ல வேண்டுமென்றால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நர்ஸ் உடம்பைத் துடைக்க வெந்நீர் கொண்டுவந்தாள். பேச்சு மாறிப் போயிற்று.

மறுநாள் மாலை, துக்கக் கூடத்தில், அந்தக் கை பிடித்த கதை ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. ஊதுபத்தி வைத்துவிட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் அத்தை அதைச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி சிகுசாவிடம் வந்து, "கையைப் பிடிச்சிட்டே கடைசியா சிரிச்சாராமே" என்றாள். சுஷித் தட்டுக்குப் பக்கத்தில் யாரோ, "நன்றின்னு வேற சொன்னாராம்" என்றார்கள்.

சிகுசா தேநீர் போடுகிற சாக்கில் பின்பக்கச் சிற்றறைக்குப் போய், கைப்பையிலிருந்து தாளை எடுத்து விளக்கடியில் விரித்தாள். இந்த ஓட்டில் எங்கோ ஓரிடத்தில் அப்பா போயிருக்கிறார். நான்காவது கட்டத்தில் இல்லை, அதில் பேசினார். ஐந்தாவதில் மூச்சு கேட்டதா? கேட்ட மாதிரிதான் இருந்தது. ஆறாவதற்கு நடுவில் பழுப்பு மழுங்கிப்போய், ஜன்னலோரக் குப்பைத்தொட்டிக்குப் போய்ச் சீவினாள். அப்போது முதுகு கட்டிலின் பக்கம் இருந்தது. அப்போதா? கண்ணைத் தாளோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். எங்கேயும் கோடு நடுங்கவில்லை, அழுத்தம் மாறவில்லை. சொல்லப்போனால் ஆறாவதுதான் எல்லாவற்றையும்விட அழகாக வந்திருந்தது. கைக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை.

கெட்டில் கொதித்து நின்றது. தேநீரோடு வெளியே போனாள்.

அடுத்த நாள் காலை, சவப்பெட்டியை மூடுவதற்கு முன், கறுப்பு உடுப்புப் போட்ட கூடத்துப் பெண் பூத்தட்டுடன் வந்து நின்றாள். "அவருக்குப் பிடிச்சது ஏதாவது இருந்தா கூட வச்சு அனுப்பலாம். கண்ணாடி, இரும்பு மட்டும் வேண்டாங்க. துணி, காகிதம் எல்லாம் வைக்கலாம்."

"அவன் தொப்பி எங்கடி?" அத்தை சிகுசாவின் கைப்பையைத் துழாவினாள். தொப்பியோடு தாளும் வந்தது.

"இது என்ன, ஆமையா?" தாளைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். "கென்சாகு அடிச்சதா? ஆஸ்பத்திரியிலயா? அடடா, கடைசியில இதெல்லாம்கூடப் பண்ணியிருக்கானா!"

ஆமாம் என்று சொன்னால் போதும். அத்தைக்குச் சொல்வதற்கு இன்னொன்று கிடைத்துவிடும். அந்தப் பெண் தாளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிவிட்டிருந்தாள்.

"இல்ல அத்தை. நான் அடிச்சது."

"நீயா? எப்ப?"

"ஆஸ்பத்திரியில."

"எப்பன்னு கேட்டேன்."

"அப்பா போறப்ப."

கூடத்துப் பெண் ஓரடி பின்னால் நகர்ந்து, தட்டில் இருந்த பூக்களை நிறவாரியாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அத்தைக்குக் கணக்குப் போட நேரம் பிடித்தது. "அப்ப, ஒரு கையில பென்சில், ஒரு கையில அவன் கையா?"

"இல்ல. ஒரு கையில பென்சில். இன்னொரு கையால தாளைப் பிடிச்சிருந்தேன், நகராம இருக்க."

"கூடவே உட்கார்ந்திருந்தேன்னியே."

"உட்கார்ந்துதான் இருந்தேன். எப்ப போனார்னு எனக்குத் தெரியாது அத்தை."

அத்தையின் முகம் சிவந்தது. "நேத்து பூரா ஊருக்கெல்லாம் சொன்னேனேடி. வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"நீங்க சொல்லச் சொல்ல, உங்களுக்கு நிம்மதியா இருந்த மாதிரி இருந்துச்சு."

அத்தை தாளைக் கீழே வைக்கவில்லை. பெட்டிக்குள் தம்பியைப் பார்த்தாள். சிகுசாவைப் பார்த்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

"எந்தக் கட்டம்?"

"என்னது?"

"இதுல எந்தக் கட்டம் அடிக்கிறப்ப போனான்?"

சிகுசா விரலை வைத்துக் காட்டினாள். "இதுல பேசினார். இது முடிஞ்சு கூப்பிட்டப்ப இல்ல. நடுவுல எங்கயோ. அதுக்கு மேல என்னால கண்டுபிடிக்க முடியல."

அத்தை குனிந்து, கட்டம் கட்டமாக, வெகுநேரம் பார்த்தாள்.

"ஒண்ணும் தெரியலையே."

"எனக்கும் தெரியல."

"அவனுக்குத் தெரியுமா, நீ கலர் அடிக்கிறது?"

"அவர்தான் கலரே சொன்னார். நடுவுல ஒரு தடவை நிறுத்தினேன். ஏன் நிறுத்திட்டன்னு கேட்டார்."

அத்தை கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள். உறை மூட மறுத்தது. அதை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்தாள்.

"அவன் பார்த்தானா இதை?"

"இல்ல."

கூடத்துப் பெண் தாழ்ந்த குரலில் கேட்டாள். "உள்ள வைக்கலாங்களா?"

சிகுசா தாளை வாங்கிக் கடைசியாக ஒரு தடவை ஐந்தாவது, ஆறாவது கட்டங்களைப் பார்த்தாள். இனி பார்த்தாலும் அதுவேதான். அப்பாவின் நெஞ்சின் மேல், படம் அவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தாள். தாள் சரிந்துவிடாமல் இருக்க, அத்தை இரண்டு சாமந்திகளை எடுத்து அதற்கு அண்டை கொடுத்தாள்.

எரியூட்டும் கூடத்தின் காத்திருப்பு அறையில், தத்தாமி பாய் மேல் நீள மேசை போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு சாப்பாட்டுப் பெட்டியும், நடுவில் பீர் பாட்டில்களும் இருந்தன. அப்பாவோடு சிலிண்டர் தூக்கிய உராகாமி, ஒரு டம்ளர் உள்ளே போனதும் சிகுசாவின் பக்கம் நகர்ந்து வந்தார்.

"கடைசி வரைக்கும் கையைப் பிடிச்சிட்டே இருந்தியாமேம்மா. கென்சாகு புண்ணியம் பண்ணவன்."

சிகுசா சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். அதற்குள் மேசையின் அந்தக் கோடியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"கையெல்லாம் பிடிக்கல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அவ கலர் அடிச்சிட்டிருந்தா."

யாரோ ஒருவரின் டம்ளர் தட்டில் இடித்தது.

"கலரா?" என்றார் உராகாமி.

"ஆமை படத்துக்கு. அவன் சத்தத்தைக் கேட்டுட்டே படுத்திருந்தான்." அத்தை ஊறுகாய் முள்ளங்கி ஒன்றை எடுத்துக் கடித்தாள். "வண்டித் துரு கலர்ல அடிக்கச் சொல்லியிருக்கான் கடன்காரன்."

"துருவா? ஆமை துருவா இருக்கும்?" உராகாமி டம்ளரை வைத்தார். "பாசி பிடிச்சு ஒரே கறுப்பால்ல இருக்கும்."

"கறுப்பா? உங்க கண்ணு கறுப்பு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "போன வருஷம் எங்க வாசல் மணல்லயே ஏறிச்சு. டார்ச் அடிக்கக் கூடாதுன்னுட்டாங்க, ஆனா நிலா இருந்துச்சு. செவப்புதான்."

"நிலா வெளிச்சத்துல செவப்பு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுதே!"

"அப்ப அடிவயிறு என்ன கலர், சொல்லு பார்ப்போம்."

வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் கதவைத் திறந்து குனிந்து வணங்கினார். எலும்பெடுக்க எல்லாம் தயாராகிவிட்டது என்றார். அடிவயிறு மஞ்சள் என்று ஒருவரும், சாம்பல் என்று ஒருவரும் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடி சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றார்.

ஒவ்வொருவராக எழுந்தார்கள். அத்தைக்கு முழங்கால் மடங்கிக் கிடந்ததில் எழ வரவில்லை. மேசையை ஊன்றிப் பார்த்தாள், முடியவில்லை. கையை மேலே நீட்டினாள். சிகுசா அதைப் பிடித்துத் தூக்கினாள்.

நின்ற பிறகும் அத்தை கையை விடவில்லை. வராண்டாவைத் தாண்டி, படியிறங்கி, செருப்பு மாடம் வரை அப்படியே போனார்கள். அங்கே ஷூ நாடா கட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது.