முடிச்சுக்குக் கீழே முளைத்தவை

தையற்காரர் எழுந்ததும், முகம் கழுவுவதற்கு முன்பே, அளவு நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். முப்பத்தெட்டு வருடப் பழக்கம். அது இல்லாவிட்டால் கழுத்து குளிர்கிறது என்பார். ஆனால் சென்ற எட்டு மாதங்களாக அந்த நாடா முதலில் அளந்தது யாருடைய தோளையும் அல்ல. படுக்கையறை ஜன்னலுக்கு நேரெதிரே நின்ற நான்கு ரோஜாச் செடிகளை. மண்ணிலிருந்து நுனி வரை கிளை கிளையாக அளந்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"மூணாவது செடி ஒரே வாரத்துல நாலு அங்குலம் ஏறியிருக்கு!"

"அதுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா? பூ வந்துச்சான்னு சொல்லுங்க," என்று உள்ளிருந்து மனைவி கேட்பாள்.

அவர் நாடாவை இழுத்துக்கொண்டு அடுத்த செடிக்குக் குனிவார்.

மனைவியின் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டு வந்தது. முதலில் ஊசியின் காது மறைந்தது, பிறகு எழுத்து, பிறகு எதிரில் நிற்பவர் முகம். பெரிய நிறத்திட்டுகள் மட்டுமே மிஞ்சின. அவையும் இந்த வருடக் கடைசி வரைதான் என்று கண் மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆகவே, பார்வை போகுமுன் ஜன்னல் நிறையப் பூ பார்க்க வேண்டுமென்று எட்டு மாதம் முன்பு நர்சரிக்குப் போன அன்று அவளுடைய கணக்கு தெளிவாக இருந்தது. காம்புக்கு ஒன்றாகப் பூக்கும் பெரிய ரோஜாவைக் கணவர் காட்டினார்.

"ஒத்தைப் பூவை வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? அது எங்க இருக்குன்னு தேடவே எனக்கு ஒரு நாள் ஆகும்."

நர்சரிக்காரம்மா சிரித்துக்கொண்டே இருவரையும் புளோரிபண்டா வரிசைக்கு அழைத்துப் போனாள். ஒரு காம்பிலேயே பத்துப் பன்னிரண்டு பூக்கள் கொத்தாக மலரும் இனம். பூத்து நின்றால் இலை தெரியாது, நிறம்தான் தெரியும். வெள்ளை சுவரோடு ஒட்டிக்கொள்ளும், இளஞ்சிவப்பு வெயிலில் கரைந்துவிடும் என்று மனைவி ஒவ்வொன்றாகத் தள்ளினாள். கடைசியில் செம்மஞ்சள் செடி ஒன்றிலிருந்து பத்தடி பின்வாங்கி நின்று, "இது எனக்குத் தெரியுது," என்றாள். அதே இனத்தில் நான்கு வாங்கினார்கள். வெயில் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று நர்சரிக்காரம்மா விளக்கிவிட்டு, இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். தையற்காரர் அப்போது தொட்டிகளை ஆட்டோவில் ஏற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

இடம் மாறியதும் செடிகள் இருந்த பூவை உதிர்த்தன. இரண்டாம் மாதம் அடிப்பகுதியிலிருந்து புதுக் கிளைகள் அம்பு போலப் பாய்ந்து எழுந்தன. பழைய கிளைகளோ முழங்கால் உயரத்திலேயே சோம்பி நின்றன. நாடா பொய் சொல்லாது என்பது அவர் நம்பிக்கை. வளர மறுத்தவற்றைப் பிசிறு நறுக்குவதுபோல் ஒட்ட நறுக்கினார். நெடிய கிளைகள் மார்பளவு உயர்ந்து தளதளவென்று ஆடின. ஒரு மொட்டுக்கூட வரவில்லை.

வருடம் முடிய ஐந்து வாரம் இருக்கையில், ஜன்னலருகே உட்கார்ந்திருந்த மனைவி, வானிலையைச் சொல்வதுபோல் சொன்னாள்: "பச்சைகூட இப்ப சாம்பலாத் தெரியுதுங்க."

அவர் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு நேரே நர்சரிக்கு நடந்தார். அங்கே தோட்டக் காண்டிராக்டர் ஒருவர், ஓர் அலுவலக வளாகத்துக்கு நாற்பது புளோரிபண்டாக்களுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கண்ணு போறவதானே, மலட்டுச் செடிய தலையில கட்டினாலும் தெரியாதுன்னு நினைச்சியா?" என்று கூட்டத்தின் நடுவே கத்தினார் தையற்காரர்.

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காண்டிராக்டர், "அப்புறம் வர்றேம்மா," என்று நழுவினார்.

நர்சரிக்காரம்மா கிளையை வாங்கிப் புரட்டினாள். "ஐயா, இது நான் வித்த ரோஜா இல்ல. அதைத் தாங்குறதுக்காக ஒட்டுக் கட்டின காட்டு ரோஜா. அடியில ஒரு முடிச்சு இருக்கும். முடிச்சுக்கு மேல வர்றதுதான் உங்க வீட்டம்மா எடுத்தது. கீழ வர்றத அப்பப்ப கிள்ளி எறியணும். நீங்க எத வெட்டினீங்க?"

அவர் வந்த வழியே விரைந்தார். வீட்டில் மண்ணைச் சுரண்டிப் பார்த்தார். முஷ்டி அளவு முடிச்சு. அதன் மேல், கறுத்துக் காய்ந்த அடிக்கட்டைகள். நான்கு செடிகளிலும் அதே கதை. ஒவ்வொன்றும் சாய்வாக, வெகு நேர்த்தியாக வெட்டப்பட்டிருந்தது.

மனைவியிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"புதுசு வாங்கி வச்சா?"

"இப்ப நர்சரியில இருக்கிறதெல்லாம் கிளைய வெட்டிக் கவாத்து பண்ணின மொட்டைச் செடி. பூக்க ரெண்டு மாசம் ஆகும்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் திரும்பாமலே கேட்டாள்: "அந்த நர்சரிப் பொண்ண என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

சொன்னார்.

"கண்ணு போறது எனக்கு. அதுக்கு அவ வயித்துல ஏங்க அடிச்சீங்க?"

மறுநாள் காலை செடியொன்றை வேரோடு தோண்டி, மண்ணைக் கழுவி, துணியில் சுற்றினார். விசாரித்து விசாரித்துக் காண்டிராக்டரின் அலுவலகத்தைக் கண்டுபிடித்தார்.

"நேத்து கத்தினவர்தானே நீங்க?"

"ஆமாங்க. பொய்யாக் கத்தினவன்." மேசைமேல் செடியைப் பிரித்து, முடிச்சையும் அடிக்கட்டையையும் காட்டினார்.

காண்டிராக்டர் சிரித்துவிட்டார். "மாப்பிள்ளையத் துரத்திட்டு, கூட வந்தவனுக்கு விருந்து வச்சிருக்கீங்களே!"

"சிரிங்க. ஆனா அங்க வந்து, எல்லார் முன்னாடியும் சிரிங்க."

இருவரும் நர்சரிக்குப் போனபோது நல்ல கூட்டம். நேற்று நின்ற அதே இடத்தில் நின்று, நேற்றைய அதே குரலில் தையற்காரர் சொன்னார்: "இந்தம்மா குடுத்தது நல்ல செடி. நான்தான் நல்லதை வெட்டிட்டு இதை வளர்த்தேன். நேத்து சொன்னது அத்தனையும் பழி."

 காண்டிராக்டர் நாற்பது செடிகளைப் பொறுக்க வரிசைக்குள் நுழைந்தார். நர்சரிக்காரம்மா, மன்னித்தேன் என்றும் சொல்லாமல், மன்னிக்கவில்லை என்றும் சொல்லாமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தையற்காரர் உட்காரவில்லை. வாசலில் புதிதாக யாரோ நுழைந்தார்கள். வேரோடு செடியை உயர்த்திப் பிடித்து, முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினார்.